மெட்டலர்ஜி / மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங்: எவ்வளவு கல்விக் கடன் வரை தாங்கும்? (பெங்களூரு)

#1 ஹலசூரு செந்தில்

வணக்கம். அக்கா மகள் பெங்களூரிலேயே இரண்டாம் பி.யு.சி. (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்திருக்கிறாள். ஜே.இ.இ. மெயின் ரேங்குக்குச் சூரத்கல் என்.ஐ.டி.யில் மெட்டலர்ஜிக்கல் அண்ட் மெட்டீரியல்ஸ் (உலோகவியல், பொருளறிவியல்) கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. வீட்டில் சிலர், இங்கேயே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடலாம் என்கிறார்கள். அதன் கட்டணம் வருஷத்துக்கு 4.5 லட்சம். பாடம் என்று கேட்டால் அவளுக்கு மெட்டீரியல்ஸ்தான் பிடித்திருக்கிறது.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 7.2 லட்சம். எந்தப் பக்கம் போனாலும் படிப்புச் செலவு முழுவதும் கடனில்தான். இந்தப் படிப்பு எத்தனை லட்சம் கடன் வரை தாங்கும், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று எண்களோடு யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். "நல்ல ஸ்கோப் இருக்கு", "ஸ்கோப் இல்லை" இரண்டையும் நிறையக் கேட்டாயிற்று.

#2 வட்டிக்கணக்கு

செந்தில் சார், முதலில் இரண்டு கடனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

என்.ஐ.டி.யில் டியூஷன் கட்டணம் ஒரு செமஸ்டருக்கு 62,500, வருஷத்துக்கு 1.25 லட்சம். விடுதி, மெஸ், மற்றவை எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 75,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக வருஷத்துக்கு 2 லட்சம், நான்கு வருஷத்துக்கு 8 லட்சம். தனியாரில் கட்டணம் மட்டுமே 18 லட்சம். வீட்டிலிருந்து போய்வருவதால் விடுதிச் செலவு இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான்: 8 லட்சம் வாங்கினால் 8 லட்சத்துக்குத்தான் இ.எம்.ஐ. என்று நினைத்துவிடுகிறார்கள். படிப்புக் காலத்திலும் அதற்குப் பிறகான ஒரு வருஷத்திலும் தவணை கிடையாது, ஆனால் தனிவட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் வருஷம் எடுத்த பணத்துக்கு 5 வருஷ வட்டி, இரண்டாம் வருஷத்துக்கு 4, மூன்றாவதுக்கு 3, நான்காவதுக்கு 2. கூட்டினால் 14. அதாவது ஓர் ஆண்டில் எடுக்கும் தொகைக்கான ஒரு வருஷ வட்டியை 14-ஆல் பெருக்கினால் சேர்ந்திருக்கும் வட்டி வந்துவிடும்.

என்.ஐ.டி. கடன் 9 சதவீதத்தில்: 2 லட்சத்துக்கு ஒரு வருஷ வட்டி 18,000. பெருக்கல் 14, ஆக 2.52 லட்சம். தவணை தொடங்கும் நாளில் கடன் 10.52 லட்சம். 10 வருஷத் தவணையில் மாதம் சுமார் 13,300.

தனியார் கடன் 10.5 சதவீதத்தில்: 4.5 லட்சத்துக்கு ஒரு வருஷ வட்டி 47,250. பெருக்கல் 14, ஆக 6.6 லட்சம். தவணை தொடங்கும் நாளில் 24.6 லட்சம். 10 வருஷத்தில் மாதம் சுமார் 33,200. 15 வருஷமாக நீட்டினாலும் 27,200-க்குக் குறையாது.

இதில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பொதுவான கடன் திட்டத்தில் சொத்து அடமானம் கேட்பார்கள். 18 லட்சம் என்றால் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகும். மாத எண்ணை மட்டும் பார்க்காமல் இதையும் யோசியுங்கள்.

#3 ஒயிட்ஃபீல்டு ரவி

கணக்கு சரிதான். ஆனால் வருமானம் என்கிற இன்னொரு தட்டையும் வைக்க வேண்டுமே. பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலைகளின் எண்ணிக்கையும் மெட்டலர்ஜி வேலைகளின் எண்ணிக்கையும் பக்கத்தில்கூட வராது. மெட்டலர்ஜி படித்தவர்களில் கணிசமானவர்கள் கடைசியில் சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்குத்தான் போகிறார்கள். அப்படியென்றால் அந்தப் படிப்பையே நேரடியாகப் படித்துவிடலாம் இல்லையா? 33,000 இ.எம்.ஐ. பெரிய தொகைதான், ஆனால் மூன்று நான்கு வருஷத்தில் சம்பளம் ஏறிவிட்டால் முன்கூட்டியே அடைத்துவிடலாம். மாறும் வட்டிக் கடனுக்கு முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது.

#4 வட்டிக்கணக்கு

ரவி, அபராதம் இல்லை என்பது உண்மை. ஆனால் மூன்றாவது வருஷம் ஏறப்போகும் சம்பளத்தை வைத்து முதல் மாதத் தவணையைக் கட்ட முடியாது. 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். இணைக்கடனாளியாகக் கையெழுத்துப் போட்ட அப்பாவின் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து விழும்.

அதனால் பார்க்க வேண்டியது முதல் இரண்டு வருஷத்தில் கையில் வரும் சம்பளம். ஆஃபர் லெட்டரில் சி.டி.சி. (கம்பெனி ஓர் ஊழியருக்கு வருஷத்தில் செலவிடும் மொத்தத் தொகை) 6 லட்சம் என்று இருந்தால் மாதம் 50,000 என்று எண்ணிவிடுகிறார்கள். ஒரு மாதிரி ஆஃபரைப் பிரித்துப் பார்ப்போம்:

அடிப்படைச் சம்பளம் 50 சதவீதம், அதாவது 3,00,000. கம்பெனி கட்டும் பி.எஃப். அதில் 12 சதவீதம், 36,000. கிராஜுவிட்டி 4.81 சதவீதம், 14,430. மருத்துவக் காப்பீடு 8,000. வேரியபிள் பே 10 சதவீதம், 60,000. இது வருஷக் கடைசியில் வரலாம், குறையலாம். இவ்வளவும் 6 லட்சத்துக்குள்தான் அடக்கம். கழித்தால் மீதி 4,81,570, மாதம் 40,130. அதிலிருந்து ஊழியர் பங்கு பி.எஃப். 3,000, கர்நாடகத் தொழில்வரி 200 போனால் கைக்கு வருவது சுமார் 36,900.

இதே கணக்கில் சி.டி.சி. 4.5 லட்சம் என்றால் கைக்கு 27,500.

சில கம்பெனிகளில் பி.எஃப்.பை 15,000 உச்சவரம்பில் நிறுத்தி மாதம் 1,800 மட்டும் பிடிப்பார்கள். அப்போது கையில் கொஞ்சம் கூடும். பி.எஃப். வீண் போகாத சேமிப்புதான், ஆனால் அதைக் காட்டி இந்த மாதத் தவணையைக் கட்ட முடியாது.

கைக்கு வருவதில் 30 சதவீதத்துக்கு மேல் இ.எம்.ஐ. போகக் கூடாது என்பது என் அளவுகோல். 36,900-க்கு அது 11,000. 9 சதவீதம், 10 வருஷம் என்றால் ஒரு லட்சத்துக்கு இ.எம்.ஐ. 1,267. ஆக தவணை தொடங்கும் நாளில் கடன் சுமார் 8.7 லட்சத்தைத் தாண்டக் கூடாது. 4.5 லட்ச வேலை என்றால் 6.5 லட்சம்.

செந்தில் சார் கேட்ட "எங்கே நிறுத்துவது" இதுதான். தவணை தொடங்கும் நாள் கடன் 8.7 லட்சம். அந்தக் கோட்டுக்கு 10.52 லட்சம் கொஞ்சம் மேலே நிற்கிறது, கீழே கொண்டுவர வழி இருக்கிறது. 24.6 லட்சத்தை எந்த வழியிலும் கொண்டுவர முடியாது, அது கம்ப்யூட்டர் சயின்ஸாக இருந்தாலும் சரி.

#5 உலைமுகம்

நல்ல கணக்கு. ஆனா ஒண்ணு சேர்த்துக்கணும். மெட்டலர்ஜி ஆளுக்கு அந்த 36,900 எந்த ஊர்ல கைக்கு வருதுங்கறது ரொம்ப முக்கியம்.

பெங்களூர்ல பி.ஜி., சாப்பாடு, பஸ், போன் எல்லாம் போனா பாதி காலி. ஸ்டீல் பிளான்ட்ல கதை வேற. தோரணகல்லு ஜே.எஸ்.டபிள்யூ., ஜாம்ஷெட்பூர் டாடா ஸ்டீல், பிலாய், ரூர்கேலா, பொகாரோன்னு அரசு நிறுவனமான செயிலோட உருக்காலைகள் எல்லாம் டவுன்ஷிப்போட இருக்கற ஊருங்க. குவார்ட்டர்ஸோ ஹாஸ்டலோ குறைஞ்ச வாடகைக்குக் கிடைக்கும், கேன்டீன் சாப்பாடு மலிவு, செலவு பண்ண இடமும் கம்மி. அதே சம்பளத்துல பெங்களூர்ல 10,000 மிச்சம் பிடிக்கறவன் அங்க 20,000 பிடிப்பான். கடன் அடைக்கற முதல் மூணு வருஷத்துக்கு இது பெரிய வித்தியாசம்.

அதுக்கான விலையும் சொல்லணும். மூணு ஷிப்ட். எஸ்.எம்.எஸ்., அதாவது உருக்கு உருக்கற ஷாப்ல நைட் ஷிப்ட்னா இப்படி: கன்வெர்ட்டர் உலையிலருந்து லேடில்ங்கற பெரிய கொப்பரைக்கு உருக்கு வருது, லேடில் ஃபர்னஸ்ல ஒருத்தர் நீளக் கம்பி முனையில சாம்ப்ளரைக் குத்தி, லாலிபாப் மாதிரி ஒரு துண்டு எடுக்கறார். அது லேப்புக்குப் போய், ஒரு முகத்தைத் தேய்ச்சு, ஸ்பெக்ட்ரோமீட்டர்ல பொறி வெச்சுப் பார்த்தா கார்பன், மாங்கனீஸ், சல்பர், அலுமினியம் எல்லாம் திரையில வந்துடும். சல்பர் கூடவா இருக்கு, இன்னும் எவ்வளவு சுண்ணாம்பு போடணும், எத்தனை நிமிஷம் ஆர்கான் விடணும்னு முடிவு பண்ணணும். அதுக்குள்ள அந்த உருக்கை வார்க்கற கேஸ்டர்காரங்க லேடில் எப்போ வரும்னு போன் பண்ணிக்கிட்டே இருப்பாங்க. லேட் ஆனா காஸ்டிங் தொடர் அறுந்துடும், அவசரப்பட்டு அனுப்பினா முழு ஹீட்டும், அதாவது ஒரு தடவை உருக்கினது மொத்தமும், கிரேடு மாறிடும். முதல் ரெண்டு வருஷம் இதுதான் வேலை. அந்தப் பொண்ணுக்கு இது பிடிக்குமான்னு இப்பவே ஒரு தடவை கேட்டுடுங்க. பொண்ணுங்க ஷாப்ல வேலை பார்க்கறது இப்ப புதுசு இல்ல, ஆனா சேரப்போற ஆலையில நைட் ஷிப்ட் ஏற்பாடு என்னன்னு விசாரிக்கணும்.

இன்னொண்ணு. கிராஜுவேட் இன்ஜினியர் டிரெய்னின்னு எடுக்கும்போது பல இடத்துல சர்வீஸ் பாண்ட் இருக்கும். நடுவுல விட்டா கட்ட வேண்டிய தொகையையும் கடன் மாதிரியே கணக்குல எழுதி வெச்சுக்குங்க.

#6 வட்டிக்கணக்கு

உலைமுகம் அண்ணா சொன்னது ரொம்பச் சரி. இனி 10.52 லட்சத்தைக் கீழே இறக்கும் வழி.

ஒன்று, பி.எம். வித்யாலட்சுமி. நவம்பர் 2024-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம். தரவரிசையில் வரும் கல்லூரிகளுக்கும் மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களுக்கும் சொத்து அடமானமோ ஜாமீன்தாரரோ இல்லாமல் கடன். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து, வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ வாங்காமல் இருந்தால், 10 லட்சம் வரையான கடனுக்குத் தவணை இல்லாத காலத்தில் 3 சதவீத வட்டி மானியம். 7.2 லட்ச வருமானம், சூரத்கல்: இரண்டுமே பொருந்துகின்றன. ஆனால் ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு மட்டும்தான் இந்த மானியம், அதனால் முதல் வருஷமே விண்ணப்பியுங்கள். கிடைத்தால் அந்தக் காலத்தில் வட்டி 6 சதவீதம்தான். 2.52 லட்சம் 1.68 லட்சமாகும், 84,000 மிச்சம். கடன் 9.68 லட்சம், இ.எம்.ஐ. 12,260. மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டுக்கு இந்தத் திட்டம் கிடையாது.

(வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ளவர்களுக்குத் தொழில்நுட்பப் படிப்பில் அந்தக் காலத்து வட்டி முழுவதையும் அரசே ஏற்கும் திட்டம் தனியாக உண்டு. இந்த இழையைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவலாம்.)

இரண்டு, வட்டியை மட்டும் படிக்கும்போதே கட்டிவருவது. மானியம் போக முதல் வருஷம் மாதம் 1,000, இரண்டாம் வருஷம் 2,000, மூன்றில் 3,000, நான்கிலும் ஐந்திலும் 4,000. கட்டிவிட்டால் தவணை தொடங்கும்போது கடன் சரியாக 8 லட்சம், இ.எம்.ஐ. 10,130. கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டது. இப்படி ஒழுங்காக வட்டி கட்டுபவர்களுக்குச் சில வங்கிகள் வட்டி விகிதத்தில் 1 சதவீதம்வரை குறைக்கின்றன. மானியம் கணக்கில் தாமதமாக வரலாம், அதுவரை எவ்வளவு கட்ட வேண்டும் என்று கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வட்டியும் கட்ட முடியாது என்றால் கடனையே 7.2 லட்சத்தில் நிறுத்துங்கள். மீதி 80,000-ஐ நான்கு வருஷத்தில் வீட்டிலிருந்து போட்டால் போதும்.

#7 ஒயிட்ஃபீல்டு ரவி

18 லட்சக் கடனை இனி நான் ஆதரிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரியில் 80இ பிரிவுச் சலுகை இருக்கிறதே, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லையே?

#8 வட்டிக்கணக்கு

80இ பழைய வரிமுறையில் மட்டும்தான். இப்போது புதிய வரிமுறையில் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரியே இல்லை. 6 லட்சச் சம்பளக்காரருக்குக் கழிக்க வரி இல்லாதபோது 80இ-யால் ஒரு ரூபாய்கூட மிச்சம் இல்லை. கடன் முகவர்கள் "வரியில திரும்பி வந்துடும் சார்" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்பா பழைய முறையில் வரி கட்டுபவராக இருந்து, கடனும் அவர் பெயரில் இருந்து, வட்டியையும் அவரே கட்டினால் அவருக்குக் கிடைக்கும். உச்சவரம்பு இல்லை, ஆனால் வட்டி கட்டத் தொடங்கிய வருஷத்திலிருந்து மொத்தம் 8 வருஷம்தான். படிக்கும்போதே வட்டி கட்டினால் அந்த 8 வருஷ ஓட்டமும் அப்போதே தொடங்கிவிடும்.

#9 மல்லேஸ்வரம் மீரா

செந்தில் சார், கடனைக் குறைக்கும் பேச்சில் சீட் கிடைக்கும் வழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என்.ஐ.டி.யில் பாதி இடம் சொந்த மாநிலத்தவருக்கு. எது சொந்த மாநிலம் என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பு எந்த மாநிலத்தில் தேறினார்கள் என்பது தீர்மானிக்கும். தாய்மொழியோ பூர்விகமோ அதில் வராது. பெங்களூரில் பி.யு.சி. படித்த தமிழ்ப் பிள்ளைக்குச் சூரத்கல்தான் சொந்த மாநிலம், திருச்சி வெளிமாநிலம். ஜோசா (ஐ.ஐ.டி., என்.ஐ.டி. சேர்க்கைக் கலந்தாய்வு) விருப்பப் பட்டியலில் திருச்சி மெட்டலர்ஜியையும் போடுங்கள், ஆனால் அதற்கு வெளிமாநில ரேங்க் வரிசையைப் பாருங்கள். பெண்களுக்கான தனிப் பட்டியலும் உண்டு, அதன் கடைசி ரேங்க் வேறு.

தமிழ்நாட்டுக் கலந்தாய்வையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கோவை பி.எஸ்.ஜி., சேலம் அரசு பொறியியல் கல்லூரி இரண்டிலும் மெட்டலர்ஜி இருக்கிறது. கிண்டியில் மெட்டீரியல் சயின்ஸ் இருக்கிறது. வெளிமாநிலத்தில் படித்திருந்தாலும் தமிழ்நாட்டு இருப்பிடச் சான்று வாங்க முடிந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். அரசுக் கல்லூரிக் கட்டணம் மிகக் குறைவு. அது கிடைத்தால் இந்தக் கடன் பேச்சே பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்தது கேட், அதாவது எம்.டெக். சேர்க்கைக்கும் சில பொதுத்துறை வேலைகளுக்கும் எழுதும் தேர்வு. எம்.டெக்.குக்கு ஒரு ரூபாய் கடன் வாங்க வேண்டியதில்லை. கேட் எழுதிச் சேர்ந்தால் மாதம் 12,400 உதவித்தொகை. இங்கேயே ஐ.ஐ.எஸ்சி.யில் மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங் துறை இருக்கிறது, சென்னை ஐ.ஐ.டி., மும்பை ஐ.ஐ.டி.யிலும் உண்டு. ஆனால் அந்த இரண்டு வருஷமும் பி.டெக். கடனுக்கு வட்டி ஓடும். மேற்படிப்புக்காகத் தவணைத் தொடக்கத்தைத் தள்ளிவைக்க வங்கிக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும், தானாக நடக்காது. 8 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் மாத வட்டி 6,000. உதவித்தொகையில் பாதி. அதைக் கட்டிவிட்டால் கடன் 8 லட்சத்திலேயே நிற்கும்.

மாணவர்கள் சறுக்கும் இன்னொரு இடம் பட்டத்தின் பெயர். பொதுத்துறை விளம்பரங்களில் தகுதிப் பாடம் "மெட்டலர்ஜி" என்று இருக்கும். சிலவற்றில் "மெட்டலர்ஜி / மெட்டீரியல்ஸ்" என்று இருக்கும். நானோ டெக்னாலஜி, மெட்டீரியல் சயின்ஸ் என்று மட்டும் பெயர் கொண்ட பட்டத்தைச் சில விளம்பரங்களில் ஏற்கமாட்டார்கள். சேர்வதற்கு முன், செயில், ஹெச்.ஏ.எல்., மிதானி போன்றவற்றின் பழைய விளம்பரங்கள் நான்கை எடுத்து அந்தப் பத்தியை வாசித்துவிடுங்கள். சூரத்கல் பட்டப் பெயரில் மெட்டலர்ஜிக்கல், மெட்டீரியல்ஸ் இரண்டும் இருப்பது நல்லது.

#10 உலைமுகம்

மீரா மேடம் பொதுத்துறை பத்திச் சொன்னதால சம்பளத்தையும் சொல்லிடறேன். செயில்ல மேனேஜ்மென்ட் டிரெய்னி டெக்னிக்கல், பயிற்சியில அடிப்படை 50,000, முடிஞ்சதும் 60,000-லருந்து 1,80,000 வரைக்கான சம்பள விகிதம். டி.ஆர்.டி.ஓ. சயின்டிஸ்ட் பி, இஸ்ரோ சயின்டிஸ்ட் எஸ்.சி. (பி, எஸ்.சி. எல்லாம் பதவி நிலைப் பேரு) ரெண்டுமே லெவல் 10, அடிப்படை 56,100. பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி சேர்ந்தா பெங்களூர்ல மொத்தச் சம்பளம் மாசம் ஒரு லட்சத்தை ஒட்டி வந்துடும். இந்த ஊர்லயே ஜெட் இன்ஜின் ஆராய்ச்சிக்கு ஜி.டி.ஆர்.இ. இருக்கு, விமான ஆராய்ச்சிக்கு என்.ஏ.எல். இருக்கு, ஹெச்.ஏ.எல். ஃபவுண்ட்ரி அண்ட் ஃபோர்ஜ் இருக்கு. ஜெட் இன்ஜின் பிளேடுக்கும் டிஸ்க்குக்கும் மெட்டலர்ஜி ஆள்தான் வேணும்.

ஆனா இடங்க விரல் விட்டு எண்ணற அளவுதான் வரும். எல்லா வருஷமும் அறிவிப்பு வரும்னும் சொல்ல முடியாது. கேட் ஸ்கோர் மூணு வருஷம் செல்லும், அதனால முயற்சி பண்ணலாம். இதை நம்பிக் கடன் தொகையை மட்டும் ஏத்தாதீங்க.

#11 பீன்யா பாலு

எல்லாரும் பெரிய பேராகச் சொல்கிறீர்கள். பெங்களூரைவிட்டுப் போக முடியாதவர்களுக்குப் பீன்யா, பொம்மசந்திரா, ஜிகணி பக்கம் ஹீட் ட்ரீட்மென்ட், ஃபோர்ஜிங், காஸ்டிங், டெஸ்டிங் லேப் நிறைய. ஆரம்பச் சம்பளம் குறைவு, மறைக்க வேண்டியதில்லை. 4.5 லட்சத்துக்கும் கீழேகூட இருக்கலாம். மேலே போட்ட 6.5 லட்சம் என்கிற கோடு இவர்களுக்கு இன்னும் கீழே இறங்கும்.

ஆனால் இங்கே கையில் பிடிபடும் தொழில் சம்பளத்தை ஏற்றும். ஓர் எடுத்துக்காட்டு: கியருக்குக் கார்புரைசிங், அதாவது மேல்பரப்பில் கார்பன் ஏற்றிக் கடினமாக்குவது. 930 டிகிரியில் ஃபர்னஸ், வாடிக்கையாளர் கேட்டது 0.8 முதல் 1.2 மில்லிமீட்டர் கேஸ் டெப்த் (கடினமான மேலடுக்கின் ஆழம்). கியரை வெட்டி, மவுன்ட் செய்து, மெருகேற்றி, விளிம்பிலிருந்து உள்ளே 0.1 மில்லிமீட்டருக்கு ஒரு முறை மைக்ரோ ஹார்ட்னஸ் பார்த்துக்கொண்டே போக வேண்டும். கடினம் 550 ஹெச்.வி.க்கு (விக்கர்ஸ் அளவு) இறங்கும் இடம்தான் கேஸ் டெப்த். மேல்பரப்பில் கடினம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் பெரும்பாலும் ரிட்டெய்ன்ட் ஆஸ்டெனைட் (கடினமான கட்டமாக மாறாத மென்மையான பகுதி) மிஞ்சியிருக்கும். ஃபர்னஸ் வாயுவின் கார்பன் பொடென்ஷியல் ஏறிவிட்டதா, குவென்ச் எண்ணெய் சூடாகிவிட்டதா என்று சார்ட்டைப் புரட்டிக் காரணம் சொல்லத் தெரிந்தவரைக் கம்பெனி விடாது. ஆட்டோமொபைல் கம்பெனிகளின் சப்ளையர் தரப் பிரிவுகள் இப்படிப்பட்டவர்களைத்தான் தேடி எடுக்கின்றன.

சான்றிதழ்களில் பணம் போடுவதென்றால் என்.டி.டி. (பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிப்பது) லெவல் 2, அதிலும் அல்ட்ராசோனிக், ரேடியோகிராபி. வெல்டிங் பக்கம் ஆர்வம் இருந்தால் திருச்சி பெல் வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, சர்வதேச வெல்டிங் இன்ஜினியர் தகுதிக்குப் படிக்கலாம். இவற்றுக்குக் கல்விக் கடனை நீட்டாமல், வேலைக்குப் போய்ச் சம்பளத்தில் செய்வது நல்லது.

#12 கடல்தாண்டி

மெட்டீரியல்ஸ் படித்தால் அமெரிக்கா போய் எம்.எஸ். என்கிற எண்ணம் நிச்சயம் வரும், அதையும் இப்போதே பேசிவிடலாம்.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை மே 2023-க்குக் கொடுத்த மெட்டீரியல்ஸ் இன்ஜினியர் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 1,04,100 டாலர். இதைக் காட்டித்தான் கன்சல்டன்சிகள் 40 லட்சக் கடன் வாங்க வைக்கின்றன. அந்த எண் 20 வருஷ அனுபவக்காரரையும் சேர்த்தது. அதோடு மெட்டீரியல்ஸுக்கே உரிய தடை ஒன்று உண்டு: விமானம், ராக்கெட், பாதுகாப்புத் துறை வேலைகளில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் காரணமாகக் குடிமக்களையும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களையுமே எடுப்பார்கள். சூப்பர் அலாய், காம்போசிட் படித்தவருக்கு இயல்பான வேலை அங்கேதான் இருக்கும், கதவும் அங்கேதான் மூடியிருக்கும். அதனால் அங்கே போகிறவர்கள் செமிகண்டக்டர், பேட்டரி, மருத்துவக் கருவிப் பக்கம் பாடங்களை எடுக்க வேண்டும். படிப்புக்குப் பிறகு வேலை அனுமதி 12 மாதம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பிரிவு என்பதால் மேலும் 24 மாதம். அதற்குள் ஹெச்-1பி வேலை விசா குலுக்கலில் பெயர் வர வேண்டும்.

40 லட்சம் கடன், 11 சதவீதம், இரண்டு தவணையாக எடுத்து, இரண்டு வருஷப் படிப்பும் ஆறு மாதமும் கழிந்தால் 48.8 லட்சம். 10 வருஷத்துக்கு இ.எம்.ஐ. 67,200. திரும்பி வந்து பெங்களூரில் 8 லட்சத்துக்கு வேலை பார்க்க நேர்ந்தால் முழுச் சம்பளமும் போதாது. திரும்பி வந்தாலும் கட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் அந்தக் கடன் வேண்டாம்.

கடன் இல்லாமல் போக இரண்டு வழி. அமெரிக்காவில் பிஹெச்.டி.க்குப் பெரும்பாலான மெட்டீரியல்ஸ் துறைகள் கட்டணத் தள்ளுபடியும் மாத உதவித்தொகையும் தருகின்றன, எம்.எஸ்.ஸுக்குத்தான் அபூர்வம். அடுத்து ஜெர்மனி. ஆஹன், ஃபிரைபெர்க் இரண்டும் உலோகவியலுக்குப் பழைய பெயர் பெற்றவை. பெரும்பாலான மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் டியூஷன் கட்டணம் இல்லை. ஒரு வருஷச் செலவுக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். யூரோவுக்கு 100 ரூபாய் வைத்தால் 11.9 லட்சம். அது மாதம் 992 யூரோவாக நம் கைக்கே திரும்பி வரும். இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்று (கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தருவது) கட்டாயம், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். ஜெர்மன் மொழி பி1 தாண்டாமல் ஆலை வேலை கிடைப்பது கடினம்.

#13 ஒயிட்ஃபீல்டு ரவி

நான் முதலில் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். சாஃப்ட்வேருக்கே போக விரும்பினாலும் சூரத்கல்லில் மெட்டலர்ஜி படித்துக்கொண்டே போகலாம். எல்லாப் பிரிவு மாணவர்களையும் எடுக்கும் கம்பெனிகள் வளாகத்துக்கு வருகின்றன. சி.ஜி.பி.ஏ. வரம்பு வைப்பார்கள் என்பதால் முதல் வருஷக் கணிதத்தில் கோட்டைவிடக் கூடாது. பைதான் தெரிந்த மெட்டீரியல்ஸ் ஆளுக்கு அந்தத் துறைக்குள்ளேயே கணினி மாதிரியாக்க வேலைகளும் உண்டு. பிரிவு மாற்றம் கிடைக்கும் என்று நம்பிச் சேர்வதை மட்டும் தவிர்க்கவும். இடம் மிகக் கொஞ்சம்.

#14 ஹலசூரு செந்தில்

எல்லோருக்கும் நன்றி. அக்காவிடம் உட்கார்ந்து இந்த எண்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். 24.6 லட்சத்தைப் பார்த்ததும் தனியார் பேச்சு நின்றுவிட்டது. வங்கிக்குப் போகும்போது என்னென்ன கேட்க வேண்டும்?

#15 வட்டிக்கணக்கு

சீட் ஒதுக்கீட்டுக் கடிதம், கல்லூரி தரும் நான்கு வருஷக் கட்டண விவரம், வருமானச் சான்று. வருமானச் சான்றுக்கு நாட கச்சேரியில் (கர்நாடக வருவாய்த் துறை அலுவலகம்) இப்போதே விண்ணப்பியுங்கள், கவுன்சலிங் சமயத்தில் கூட்டம் இருக்கும். கடன் விண்ணப்பத்தை பி.எம். வித்யாலட்சுமி தளம் வழியாகவே போடுங்கள். மானியமும் அங்கேதான் பதிவாகும்.

அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் நான்கு வரிகளைத் தேடுங்கள். தவணை இல்லாத காலம் படிப்புக்குப் பிறகு 6 மாதமா, 12 மாதமா? அந்தக் காலத்து வட்டி தனிவட்டி என்று எழுதியிருக்கிறதா? வட்டி விகிதம் எதோடு இணைந்திருக்கிறது, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மாறும்? கடனோடு ஆயுள் காப்பீட்டு பிரீமியம் ஏதாவது சேர்த்திருக்கிறார்களா? பிரீமியத்தைக் கடன் தொகையில் ஏற்றினால் அதற்கும் 15 வருஷம் வரை வட்டி கட்டுவீர்கள். கட்டாயம் என்று சொன்னால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். காப்பீடு வேண்டுமென்றால் வெளியில் டேர்ம் பாலிசி எடுப்பது மலிவு.

பணத்தைச் செமஸ்டருக்கு ஒரு முறை மட்டும் விடுவிக்கச் சொல்லுங்கள். ஒரு வருஷத் தொகையை முன்கூட்டியே எடுத்தால் இரண்டாம் செமஸ்டர் பணத்துக்கு ஆறு மாத வட்டி வீணாகப் போகும். ஒவ்வொரு முறையும் கட்டணக் கோரிக்கைக் கடிதமும் முந்தைய மதிப்பெண் பட்டியலும் கேட்பார்கள், கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

#16 உலைமுகம்

சார், இன்னொண்ணு. பி.யு.சி. கெமிஸ்ட்ரி புக்ல உலோகம் பிரிச்செடுக்கற பாடத்தையும் தெர்மோடைனமிக்ஸையும் அவ தூக்கிப் போடாம வெச்சுக்கட்டும். எல்லிங்காம் வரைபடம் மூணாவது செமஸ்டர்ல மறுபடி வரும்.